கூப்பிட்டால் கேட்கும் தூரம், சுட்டால் எட்டும் தூரம்



இன்று நான் பேச எடுத்துக்கொண்டது ஒரு பேட்டையின் கதை. பிலிப்பைன்ஸ் நாட்டின் தலைநகர் மணிலாவில், பாசிக் ஆற்றின் வடகரையில் அது இருக்கிறது. பெயர் பினொண்டோ. அளந்து பார்த்தால் ஒரு சதுர கிலோமீட்டர்கூடத் தேறாது. குடியிருப்பவர்கள் சுமார் 20,000 பேர். ஆனால் பகலில் போய்ப் பாருங்கள்: தங்கம் வாங்க வந்தவர், மருந்துக்கடைக்கு வந்தவர், மொத்த வியாபாரி, மூட்டை தூக்குபவர், குதிரைவண்டிக்காரர், பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் என்று தோளோடு தோள் உரசாமல் நடக்க முடியாது. 1594-இல் உண்டான பேட்டை. உலகத்தில் இன்றும் உயிரோடு இயங்கும் சீனப் பேட்டைகளில் இதுதான் மிகப் பழையது என்று சொல்வார்கள்.

நானூறு ஆண்டுக்கு மேலான ஒரு பேட்டையைப் பற்றிப் பேசும்போது, "பல பண்பாடுகள் கைகோத்து வாழ்ந்த அழகான இடம்" என்று ஆரம்பித்து அப்படியே முடித்துவிடலாம். சுற்றுலாத் துறைக்காரர்கள் அப்படித்தான் செய்கிறார்கள். அவர்கள் பிழைப்பு அது, குறை சொல்லவில்லை. ஆனால் பினொண்டோவை உண்டாக்கியவை இரண்டு. ஒன்று தேவை, இன்னொன்று பயம். சீனர்கள் இல்லாமல் ஸ்பானியர்களுக்கு ஒரு நாள் ஓடாது. சீனர்கள் பக்கத்தில் இருந்தால் ஒரு இரவு தூக்கம் வராது. இந்த இரண்டுக்கும் நடுவில் கண்டுபிடிக்கப்பட்ட தூரம்தான் பினொண்டோ. கூப்பிட்டால் கேட்க வேண்டும், சுட்டால் எட்ட வேண்டும்!

கதையை 1571-இலிருந்து தொடங்குகிறேன். அந்த ஆண்டு லெகாஸ்பி என்ற ஸ்பானியத் தளபதி மணிலாவைக் கைப்பற்றித் தலைநகராக்கினார். பின்னாளில் ஆற்றின் தென்கரையில் கல்மதில் எழும்பியது. மதிலுக்குள் இருந்த ஊருக்கு இன்ட்ராமுரோஸ் என்று பெயர். அதற்குள் மாதா கோயில்கள், மடங்கள், கவர்னர் மாளிகை. எல்லாம் இருந்தன, ரொட்டி சுடுபவர் இல்லை, செருப்புத் தைப்பவர் இல்லை. அந்த வேலைகளையெல்லாம் யார் செய்தார்கள்? தென்சீனத்தின் ஃபூஜியன் கரையிலிருந்து பாய்மரக் கப்பலில் வந்த ஹொக்கியன் மொழிக்காரர்கள் செய்தார்கள்.

அவர்கள் வந்த காரணம் எளிது: வெள்ளி. மெக்சிகோவின் அகபுல்கோ துறைமுகத்திலிருந்து ஸ்பானியக் கப்பல்கள் பசிபிக் கடலைத் தாண்டி மணிலாவுக்கு வெள்ளியைக் கொண்டுவரும். சீனாவிலிருந்து பட்டும் பீங்கானும் வரும். மணிலாவில் கை மாறும். வெள்ளி சீனாவுக்குப் போகும், பட்டு மெக்சிகோவுக்குப் போகும். 1815 வரை, ஏறத்தாழ 250 ஆண்டுகள் நடந்த வியாபாரம் இது. ஸ்பானியர்களுக்கு மணிலா என்றாலே இந்தக் கப்பல்தான். கப்பலில் ஏற்றச் சரக்கு வேண்டுமானால் சீனர்கள் வேண்டும்.

1590-இல் மணிலாவின் முதல் ஆயர் தொமிங்கோ தே சலசார் ஸ்பெயின் அரசருக்கு ஒரு கடிதம் எழுதினார். அதில் ஒரு சம்பவம் வருகிறது. மெக்சிகோவிலிருந்து புத்தகம் கட்டும் தொழிலாளி ஒருவர் வந்து மணிலாவில் கடை வைத்தார். ஒரு சீனர் அவரிடம் வேலைக்குச் சேர்ந்தார். பேசாமல் இருந்தார், கூர்ந்து பார்த்தார், தொழிலைக் கற்றுக்கொண்டார், வெளியே போய்த் தானும் ஒரு கடை வைத்தார். கொஞ்ச நாளில் முதலாளிக்கு வேலையே வரவில்லை. கடையை மூட வேண்டியதாயிற்று. ஆயர் இதைக் குற்றமாக எழுதவில்லை, வியந்து எழுதுகிறார். ஆனால் அந்தக் கடிதத்தைப் படிக்கும் ஒரு ஸ்பானியத் தொழிலாளிக்கு என்ன தோன்றியிருக்கும்? வியப்பா தோன்றியிருக்கும்?

வியப்புக்கும் பயத்துக்கும் நடுவில் அரசாங்கம் ஒரு வழி செய்தது. 1580-களின் தொடக்கத்தில் மதிலுக்கு வெளியே, பீரங்கிகளின் வாய்க்கு நேரே, பாரியன் என்ற சந்தைக் குடியிருப்பை அமைத்துச் சீனர்களை அதில் வைத்தது. பகலில் மதிலுக்குள் வரலாம், விற்கலாம், வேலை செய்யலாம். பொழுது சாய்ந்தால் வெளியே போய்விட வேண்டும். கதவு சாத்தப்படும்.

அப்படியானால் ஆற்றுக்கு அக்கரையில் பினொண்டோ எப்படி வந்தது? அங்கேதான் இந்தக் கதையின் விசித்திரம் இருக்கிறது. கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

1593-ஆம் ஆண்டு. கவர்னர் பெயர் கோமெஸ் பெரெஸ் தஸ்மரீனியாஸ். மலுக்குத் தீவுகள் மீது படையெடுக்க அவருக்கு ஆசை. கப்பலில் துடுப்புப் போட ஆள் வேண்டும். சீனர்களைக் கட்டாயமாகப் பிடித்து, ஏறத்தாழ 250 பேரைத் துடுப்புப் பலகையில் உட்கார வைத்தார். அக்டோபர் மாதம், ஓர் இரவு, கரையோரத்தில் கப்பல் நின்றிருந்தபோது துடுப்புக்காரர்கள் எழுந்தார்கள். கவர்னரைக் கொன்றார்கள். கப்பலோடு போய்விட்டார்கள்.

அவருடைய மகன் லூயிஸ் பெரெஸ் தஸ்மரீனியாஸ். தந்தை செத்த பிறகு தற்காலிக கவர்னராகப் பொறுப்பேற்றார். தகப்பனைக் கொன்றவர்கள் சீனர்கள். கையில் அதிகாரம் இருக்கிறது. அவர் என்ன செய்திருப்பார் என்று நினைக்கிறீர்கள்?

1594-இல் அவர் பாசிக் ஆற்றின் வடகரையில் ஒரு நிலத்தை விலைக்கு வாங்கினார். வாங்கி, கிறிஸ்தவர்களாக மதம் மாறிய சீனர்களுக்குக் கொடுத்தார். நிரந்தரமாகக் கொடுத்தார், வரியில்லாமல் கொடுத்தார், தங்கள் காரியங்களை ஓரளவு தாங்களே பார்த்துக்கொள்ளும் உரிமையோடு கொடுத்தார். அந்த நிலம்தான் பினொண்டோ. தொமினிக்கன் சபைத் துறவிகள் 1596-இல் அங்கே கோயில் எழுப்பினார்கள். இன்றும் அந்தப் பேட்டையில் தஸ்மரீனியாஸ் பெயரில் ஒரு தெரு இருக்கிறது.

கருணையா? கருணையும் இருந்திருக்கும், பக்தி மிகுந்த மனிதர் அவர். கணக்கும் இருந்தது. மதம் மாறாத சீனர்களை நாட்டைவிட்டு அனுப்ப வேண்டும் என்ற பேச்சு அப்போது பலமாக இருந்தது. எல்லோரையும் அனுப்பிவிட்டால் வேலைக்கு யார்? ஞானஸ்நானம் பெற்றவர்களை, உள்ளூர்ப் பெண்களை மணந்தவர்களை, திரும்பிப் போக மனமில்லாதவர்களை ஓர் இடத்தில் நிறுத்திவைத்தால் வேலையும் நடக்கும், பயமும் குறையும். நல்ல சீனருக்கு ஆற்றுக்கு அக்கரை, நம்ப முடியாத சீனருக்குப் பீரங்கியின் வாய். இப்படிப் பிரித்தார்கள். பிரித்த கோடு நின்றதா?

பத்து ஆண்டுகூட நிற்கவில்லை. 1603-இல் சீனாவிலிருந்து மூன்று அதிகாரிகள் மணிலாவுக்கு வந்தார்கள். என்ன விஷயம் என்று கேட்டால், "கவித்தே என்ற இடத்தில் ஒரு தங்கமலை இருக்கிறதாமே, பார்க்க வந்தோம்" என்றார்கள். மலையும் இல்லை, தங்கமும் இல்லை. பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். ஆனால் ஸ்பானியர்களுக்குச் சந்தேகம் பிடித்துக்கொண்டது. வேவு பார்க்க வந்தார்களோ? பின்னால் படை வருமோ? மதிலைச் செப்பனிடத் தொடங்கினார்கள், ஆயுதங்களைக் கணக்கெடுத்தார்கள். அதைப் பார்த்த சீனர்களுக்கு மறுபக்கத்துப் பயம்: நம்மைக் கொல்லத்தான் ஏற்பாடு செய்கிறார்களோ? இவர்கள் பயந்து ஆயத்தமானார்கள். அதைப் பார்த்து அவர்கள் மேலும் பயந்தார்கள். அக்டோபரில் வெடித்தது. முடிந்தபோது செத்த சீனர்களின் கணக்கைச் சிலர் 15,000 என்கிறார்கள், சிலர் 25,000-க்கும் மேல் என்கிறார்கள்.

கிறிஸ்தவராகி, ஸ்பானியர்களோடு நெருங்கிப் பழகி, சீனர்களுக்குத் தலைவராகவும் நியமிக்கப்பட்டிருந்த ஹுவான் பவுதிஸ்தா தே வேரா என்ற செல்வந்தர் துரோகி என்று தீர்ப்பளிக்கப்பட்டுக் கொல்லப்பட்டார். மதம் மாறியது அவரைக் காப்பாற்றவில்லை. இன்னொரு சாவும் உண்டு. பினொண்டோ நிலத்தை வாங்கிக் கொடுத்த லூயிஸ் பெரெஸ் தஸ்மரீனியாஸ், பதவியை விட்டு அதே வடகரையில் வாழ்ந்துகொண்டிருந்தவர், கலகத்தை அடக்கப் படையோடு போய் அந்தச் சண்டையிலேயே செத்தார். தகப்பனும் சீனர்கள் கையில், மகனும் சீனர்கள் கையில். நாடகம் எழுதுபவர்கூட இப்படி எழுதத் தயங்குவார்.

சரி, சீனர்கள் ஒழிந்தார்கள். பயம் தீர்ந்தது. மறுநாள் என்ன நடந்தது தெரியுமா? நகரத்தில் சாப்பிட ஒன்றும் இல்லை. காலில் போடச் செருப்பு இல்லை. மணிலாவில் உயர்ந்த பதவியில் இருந்த அந்தோனியோ தே மோர்கா இதைத் தன் நூலில் எழுதி வைத்திருக்கிறார். எவ்வளவு விலை கொடுத்தாலும் பொருள் கிடைக்கவில்லை. எல்லாத் தொழிலையும் செய்தவர்கள் அவர்கள்தானே! சில ஆண்டுகளுக்குள் சீனக் கப்பல்கள் மறுபடி வந்தன. பாரியன் மறுபடி எழும்பியது. ஆயிரக்கணக்கானவர்கள் மறுபடி வந்து குடியேறினார்கள். கூப்பிட்டார்கள், வந்தார்கள்.

இதே கதைதான் திரும்பத் திரும்ப. 1639-இல் மறுபடி கலகம், மறுபடி படுகொலை. 1662-இல் தைவானைப் பிடித்த கொக்சிங்கா மணிலா மீதும் வருவான் என்ற பயத்தில் மறுபடி. 1755-இல் மதம் மாறாதவர்கள் எல்லோரையும் நாடுகடத்த உத்தரவு. ஒவ்வொன்றையும் விரித்துச் சொல்லி உங்களைச் சோர்வடையச் செய்ய மாட்டேன். ஆனால் ஒரு சம்பவத்தைச் சொல்லாமல் போக முடியாது. ஏனென்றால் அது நம் சென்னையிலிருந்து புறப்பட்டது.

1762-இல் இங்கிலாந்துக்கும் ஸ்பெயினுக்கும் போர். மணிலாவைப் பிடிக்கப் படை எங்கிருந்து போனது? சென்னைப் பட்டணத்துக் கடற்கரையிலிருந்து போனது. தளபதி வில்லியம் டிரேப்பர். சில ஆண்டுகளுக்கு முன் பிரெஞ்சுக்காரர்கள் செயின்ட் ஜார்ஜ் கோட்டையை முற்றுகையிட்டபோது அதைக் காத்து நின்றவர்களில் ஒருவர். அவர் கப்பல்களில் ஏறியவர்களில் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைச் சிப்பாய்கள் நூற்றுக்கணக்கில் இருந்தார்கள். அக்டோபரில் மதில் உடைந்தது, மணிலா விழுந்தது. 1764 வரை ஆங்கிலேயர் ஆட்சி. திரும்பிப் போகும் நேரத்தில் சிப்பாய்கள் சிலர் கப்பல் ஏறவில்லை. மணிலாவுக்குக் கிழக்கே கைந்தா என்ற ஊரில் தங்கிவிட்டார்கள், அங்கேயே பெண் எடுத்தார்கள். அவர்கள் வழிவந்தவர்கள் என்று சொல்லிக்கொள்ளும் குடும்பங்கள் அந்த ஊரில் இன்றும் உண்டு.

இதில் பினொண்டோவுக்கு என்ன? சீனர்கள் பலர் ஆங்கிலேயர் பக்கம் சேர்ந்தார்கள். அதுவரை பட்டதற்கு அவர்கள் அப்படிச் செய்ததில் எனக்கு ஆச்சரியமில்லை. ஸ்பானியர்கள் திரும்பி வந்ததும் அதற்கு விலை கேட்டார்கள். தூக்குமரங்கள் நட்டார்கள், பிறகு நாடுகடத்தினார்கள். 1778-இல் என்ன நடந்தது? வியாபாரம் படுத்துவிட்டது என்று மறுபடி கூப்பிட்டார்கள்!

நண்பர்களே, இப்போது கதை வேறு பக்கம் திரும்புகிறது. இதுவரை சொன்னது அரசாங்கம் என்ன செய்தது என்பது. பேட்டைக்குள் குடும்பங்கள் என்ன செய்துகொண்டிருந்தன?

சீனாவிலிருந்து வந்தவர்கள் ஏறக்குறைய எல்லோரும் ஆண்கள். பினொண்டோவில் குடியேறியவர்கள் உள்ளூர்த் தாகலோக் பெண்களை மணந்தார்கள். பிள்ளைகள் பிறந்தன. அப்பா வீட்டுக் கணக்கு, அம்மா வீட்டுப் பேச்சு, ஞாயிற்றுக்கிழமை கோயில். இவர்களை என்னவென்று சொல்வது? ஸ்பானியர்கள் மெஸ்டிசோ என்றார்கள். 1741-இல் வரிவிதிப்புக்காக மக்களைப் பிரித்தபோது மெஸ்டிசோக்களுக்குத் தனி வகுப்பே வைத்தார்கள். சீனருக்கு ஒரு வரி, மெஸ்டிசோவுக்கு ஒரு வரி, உள்ளூர்க்காரருக்கு ஒரு வரி. பினொண்டோவில் மெஸ்டிசோக்களுக்குத் தனிச் சங்கம், தனித் தலைவர். கோயில் ஊர்வலத்தில் யார் முன்னால் போவது என்றுகூடச் சண்டை போட்டார்கள். முதல் மரியாதை யாருக்கு என்ற சண்டை நமக்குப் புதிதா என்ன?

இந்த மெஸ்டிசோ வீடுகளிலிருந்து வந்த இரண்டு பேரைச் சொல்கிறேன்.

முதலாமவர் லொரென்சோ ருயிஸ். 17-ஆம் நூற்றாண்டு. அப்பா சீனர், அம்மா தாகலோக். சிறுவயதில் பினொண்டோ கோயிலில் பூசைக்கு உதவும் பையன். கையெழுத்து அழகாக இருக்கும். அதனால் எழுத்தர் வேலை. கல்யாணம் ஆகி மூன்று பிள்ளைகள். 1636-இல் ஒரு ஸ்பானியரைக் கொன்றதாக இவர்மேல் பழி விழுந்தது. நீதிமன்றத்தில் தனக்கு நியாயம் கிடைக்கும் என்று அவர் நம்பவில்லை. துறவிகள் சிலரோடு கப்பலேறினார். கப்பல் போய்ச் சேர்ந்த இடம் ஜப்பான். அங்கே அப்போது கிறிஸ்தவர் என்றாலே மரணம். நாகசாகியில் தலைகீழாகக் குழிக்குள் தொங்கவிட்டார்கள். மதத்தை விட்டுவிடுகிறேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் உயிர் தப்பலாம். அவர் சொல்லவில்லை. 1637 செப்டம்பர் மாதம் உயிர் போனது. 1987-இல் வத்திக்கான் அவரைப் புனிதராக அறிவித்தது. பிலிப்பைன்ஸ் நாட்டின் முதல் புனிதர் அவர். நாட்டின் முதல் புனிதர் ஊருக்கு வெளியே ஒதுக்கப்பட்ட பேட்டையில் பிறந்த சீனரின் மகன். கொலைப் பழிக்குத் தப்பி ஓடியவர். ஆட்சியாளர்கள் எழுதிவைத்த நல்லவர் பட்டியலில் அவர் பெயர் எங்கே இருந்திருக்கும்?

இரண்டாமவர் ஒரு பெண். இக்னாசியா தெல் எஸ்பிரித்து சாந்தோ. 1663-இல் பினொண்டோவில் பிறந்தவர். அப்பா ஃபூஜியனிலிருந்து வந்தவர். 21 வயதில் வீட்டில் மாப்பிள்ளை பார்த்தார்கள். இக்னாசியாவுக்கு விருப்பமில்லை. வீட்டைவிட்டுப் போனார். கையில் எடுத்துக்கொண்டது ஓர் ஊசியும் ஒரு கத்தரிக்கோலும் மட்டும் என்பார்கள். துறவு மடங்களில் உள்ளூர்ப் பெண்களைச் சேர்க்காத காலம். சரி, சேர்க்காவிட்டால் போகட்டும் என்று தையல் வேலையில் பிழைத்துக்கொண்டு, தன்னைப் போன்ற பெண்களைக் கூட்டி 1684-இல் தானே ஒரு சபையைத் தொடங்கினார். எங்கே? மதிலுக்குள்ளே, இன்ட்ராமுரோஸில்! உள்நாட்டுப் பெண்கள் தாங்களாக அமைத்த முதல் துறவற சபை அதுதான். இன்றும் பள்ளிக்கூடங்கள் நடத்துகிறது. எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் பிடித்த மனிதர் இவர்தான் என்பதை மறைக்க விரும்பவில்லை.

19-ஆம் நூற்றாண்டு வந்தபோது இந்த மெஸ்டிசோக்கள் செல்வர்கள், நிலக்காரர்கள், பிள்ளைகளை ஐரோப்பாவுக்கு அனுப்பிப் படிக்க வைப்பவர்கள். பிலிப்பைன்ஸ் விடுதலையின் தலைமகன் ஹோசே ரிசால். அவருடைய முன்னோர்களில் ஒருவர் லாம்கோ என்ற சீனர்; 1697-இல் பாரியனில் ஞானஸ்நானம் பெற்றவர். ரிசால் தன் முதல் நாவல் 'நோலி மே தாங்ஹெரே'யில் பணக்கார காபித்தான் தியாகோவின் வீட்டை எந்தத் தெருவில் வைத்தார்? பினொண்டோவில் அன்லோகே தெருவில் வைத்தார். கதை அந்த வீட்டு விருந்தில்தான் தொடங்குகிறது. அவருடைய அடுத்த நாவலில் கிரோகா என்று ஒரு சீன வியாபாரி வருகிறார். அவரைக் கேலியாகத்தான் எழுதியிருக்கிறார் ரிசால். சீன முன்னோர் வழிவந்தவரே புதிதாக வந்த சீனரைக் கேலி செய்கிறார். முன்னால் வந்தவர் பின்னால் வருபவருக்குக் கதவைச் சாத்துவது பினொண்டோவிலும் நடந்தது.

அமெரிக்கர்கள் 1898-இல் ஆட்சிக்கு வந்தார்கள். பினொண்டோவின் எஸ்கோல்தா தெரு அவர்கள் காலத்தில் மணிலாவின் கடைவீதிகளுக்கெல்லாம் ராஜா. வங்கி, சினிமா கொட்டகை, பெரிய பெரிய கடைகள். அந்த மினுக்கத்தை விட்டுவிட்டு ஒரு கணக்குப் புத்தகத்தைப் பற்றிப் பேசலாம் என்று நினைக்கிறேன்.

1921-இல் பிலிப்பைன்ஸ் சட்டமன்றம் ஒரு சட்டம் போட்டது. வியாபாரிகள் ஆங்கிலம், ஸ்பானிஷ், உள்ளூர் மொழி தவிர வேறு மொழியில் கணக்கு எழுதக் கூடாது. மீறினால் 10,000 பெசோ வரை அபராதம் அல்லது இரண்டு ஆண்டு வரை சிறை. வரி அதிகாரிகளுக்குச் சீன எழுத்துப் படிக்கத் தெரியவில்லை, ஏமாற்றுகிறார்கள் என்பது காரணம். வரி ஏய்ப்பு இருந்திருக்கும். இல்லையென்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் நினைத்துப் பாருங்கள். நாடு முழுவதும் சீன வியாபாரிகள் சுமார் 12,000 பேர். பெரும்பாலோருக்குச் சீன எழுத்து மட்டும்தான் தெரியும். தன் கடையின் கணக்கைத் தானே படிக்க முடியாத ஒருவர் எப்படி வியாபாரம் செய்வார்? தெரியாத மொழியில் எழுதும் குமாஸ்தா என்ன எழுதுகிறார் என்று அவருக்கு எப்படித் தெரியும்? மணிலாவில் மரக்கடை வைத்திருந்த யூ கோங் எங் என்பவரைப் பிடித்தார்கள். அவர் வழக்குப் போட்டார். வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. 1926-இல் சட்டம் செல்லாது என்று தீர்ப்பு. தீர்ப்பை எழுதியவர் தலைமை நீதிபதி டாஃப்ட். 1901 முதல் பிலிப்பைன்ஸின் சிவில் கவர்னராக இருந்தாரே, அதே டாஃப்ட்!

சுதந்திரம் வந்ததும் இதெல்லாம் தீர்ந்ததா? 1954-இல் சில்லறை வியாபாரத்தை நாட்டுக் குடிமக்களுக்கே ஒதுக்கும் சட்டம் வந்தது. குடியுரிமை இல்லாதவர் சில்லறைக் கடை வைக்கக் கூடாது. ஏற்கனவே வைத்திருப்பவர் உயிரோடு இருக்கும்வரை நடத்தலாம்; கடை பிள்ளைக்குப் போகாது. குடியுரிமை கொடுங்கள் என்றால் அதற்கு ஆண்டுக்கணக்கில் வழக்கு, செலவு. அங்கேயே பிறந்து, அந்த மொழியே பேசி, அந்த நாட்டுக்கே அந்நியர்! சிலர் கடையை மனைவி பெயருக்கு மாற்றினார்கள். சிலர் சில்லறையை விட்டுத் தொழிற்சாலையிலும் வங்கியிலும் இறங்கினார்கள். ஒடுக்கப் போட்ட சட்டம் சிலரைப் பெருமுதலாளிகள் ஆக்கிவிட்டது. ஆனால் எல்லோரும் அப்படி ஆகவில்லை. மூடிய கடைகளின் கதையை யாரும் எழுதி வைக்கவில்லை.

1975-இல் அதிபர் மார்கோஸ் கையெழுத்துப் போட்டுக் குடியுரிமை பெறும் வழியைச் சுலபமாக்கினார். ஜனநாயகத்தை முடக்கி வைத்திருந்த மனிதர் செய்த காரியம் அது. நல்லெண்ணம் மட்டும் காரணமில்லை. அந்த ஜூன் மாதம் கம்யூனிஸ்ட் சீனாவோடு தூதரக உறவு ஏற்பட இருந்தது. அதற்கு முன்னால் இத்தனை பேரும் யாருடைய குடிமக்கள் என்பதை முடிவு செய்தாக வேண்டும். தேவையும் பயமும் இந்த முறை குடியுரிமைச் சீட்டாக வந்தன.

போதும், சட்டங்களிலிருந்து தெருவுக்கு வருவோம். ஒங்பின் தெருவில் நடந்து போகலாம், வாருங்கள். ரோமன் ஒங்பின் என்ற வியாபாரியின் பெயர் அது. ஸ்பெயினை எதிர்த்த புரட்சிக்குப் பணம் கொடுத்தவர். தெருவில் ஒரு மூலையில் ஒரு சிலுவை நிற்கிறது. லோங்கோஸ் என்ற ஊரின் கிணற்றில் ஒரு சீனருக்குக் கிடைத்தது என்பார்கள். வாய் பேசாதவரான அவர் அதன் பிறகு பேசினார் என்பது நம்பிக்கை. அந்தச் சிலுவையின் முன்னால் மக்கள் என்ன செய்கிறார்கள்? ஊதுவத்திக் கட்டைக் கொளுத்தி, இரண்டு கையாலும் பிடித்து, சீன முறையில் வணங்கிவிட்டு, சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறார்கள். யாரும் ஆச்சரியப்படுவதில்லை.

அடுத்தது சாப்பாடு. அதற்காகத்தானே பாதிப்பேர் அங்கே போகிறார்கள்! 1918-இல் மா மோன் லுக் என்ற வாத்தியார் சீனாவிலிருந்து வந்தார். காதலித்த பெண்ணின் வீட்டில் ஏழை என்று மறுத்துவிட்டிருந்தார்கள். காவடிபோல் தோளில் ஒரு கம்பு, ஒரு முனையில் கொதிக்கும் கோழிச்சாறு, மறுமுனையில் நூடுல்ஸும் கறியும். பினொண்டோ தெருக்களில் கூவி விற்றார். கத்தரிக்கோலால் நறுக்கிப் போட்டுக் கொடுப்பாராம். அது 'மாமி' என்ற பெயரில் நாடு முழுவதற்கும் உணவாகிவிட்டது. அந்தப் பெண்ணையும் அவர் மணந்துகொண்டார் என்பதைச் சொல்லிவிடுகிறேன்; இல்லையென்றால் கூட்டம் முடிந்ததும் கேட்பீர்கள்.

ஹோப்பியா என்று ஒரு பலகாரம். பாசிப்பருப்புப் பூரணம் வைத்துச் சுட்டது. 1912-இல் தொடங்கிய எங் பீ தின் என்ற கடை 1980-களில் நொடிந்துபோகும் நிலைக்கு வந்தது. அப்போது கடைக்காரர் ஒரு அங்காடியில் ஐஸ்கிரீம் விற்கும் பெண்ணிடம் எது அதிகம் விற்கிறது என்று கேட்டார். 'உபே' என்றாள். நம்மூரில் ராசவள்ளிக்கிழங்கு என்போமே, அந்த ஊதாக் கிழங்கு. பருப்புக்குப் பதில் அந்தக் கிழங்கைப் பூரணமாக வைத்தார். சீனப் பலகாரத்துக்குள் பிலிப்பைன்ஸ் கிழங்கு. கடை எழுந்துவிட்டது. கடையின் நிறமே ஊதாவாகிவிட்டது.

ஊதா நிறத்தில் தீயணைப்பு வண்டிகளும் உண்டு. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நெருக்கமான வீடுகள், தலைக்கு மேல் சிக்குண்ட மின்கம்பிகள். தீ அந்தப் பேட்டையின் பழைய எதிரி. சீன வியாபாரிகள் தங்கள் பணத்தில் வண்டி வாங்கி, தொண்டர்களை வைத்துத் தீயணைப்புப் படைகள் நடத்துகிறார்கள். மணியடித்தால் பினொண்டோவுக்கு மட்டும் போவதில்லை. மணிலாவின் எந்தக் குடிசைப் பகுதியில் தீ பிடித்தாலும் போகிறார்கள். 1990-களில் பணம் பறிக்க இந்தச் சமூகத்துப் பிள்ளைகளைக் கடத்திக்கொண்டு போனார்களே, அந்த இருண்ட ஆண்டுகளிலும் வண்டிகள் நிற்கவில்லை.

இதைச் சொன்னால் உடனே ஒருவர் கேட்பார்: எல்லாம் நல்லெண்ணமா, அல்லது எங்களை விரட்டிவிடாதீர்கள் என்று வைக்கும் காப்பீடா? இரண்டுமாக இருக்கட்டுமே. நானூறு ஆண்டு இப்படிப் பழக்கப்பட்டவர்கள் இரண்டையும் பிரித்துப் பார்ப்பதை விட்டுவிட்டிருப்பார்கள்.

இன்றைய நிலை என்ன? தென்சீனக் கடலில் சீனக் கப்பல்களும் பிலிப்பைன்ஸ் கப்பல்களும் முட்டிக்கொள்கின்றன. சில ஆண்டுகளாக இணையச் சூதாட்டத் தொழிலோடு சீனாவிலிருந்து புதிதாக ஆட்கள் வந்து குவிந்தார்கள், குற்றங்கள் பெருகின, 2024-இல் அரசாங்கம் அந்தத் தொழிலையே தடை செய்தது. நியாயமான தடைதான். ஆனால் கடைத்தெருவிலும் கைப்பேசியிலும் பழைய கேள்வி மறுபடி எழும்பியிருக்கிறது: "நீங்கள் யார் பக்கம்?" பத்துத் தலைமுறையாக அங்கே இருக்கும் குடும்பத்தைப் பார்த்தும் கேட்கிறார்கள். நேற்று வந்தவரும் பத்துத் தலைமுறைக்காரரும் கேட்பவர் கண்ணுக்கு ஒரே முகம். 1603-இல் தங்கமலை பார்க்க வந்த மூவருக்காகப் பல்லாயிரம் பேர் செத்தார்களே, அதே கணக்கு. இந்த முறை நீதிமன்றம் இருக்கிறது, குடியுரிமை இருக்கிறது, வாக்குச்சீட்டு இருக்கிறது. இவை போதுமா? போதும் என்றுதான் நான் நினைக்கிறேன். உறுதியாகச் சொல்ல வேண்டியவர்கள் மணிலாக்காரர்கள்.

பிலிப்பைன்ஸ் சீனர்கள் தங்களைச் 'சினோய்' என்று அழைத்துக்கொள்கிறார்கள். 1999-இல் அவர்கள் தங்கள் வரலாற்றுக்கு ஒரு அருங்காட்சியகம் கட்டினார்கள். 'பஹாய் சினோய்' என்று பெயர். பாரியனின் மாதிரி, பழைய புகைப்படங்கள், வியாபாரிகள், தொழிலாளிகள், கெரில்லா வீரர்கள் எல்லோரும் அதில் இருக்கிறார்கள். அதைப் பினொண்டோவில் கட்டவில்லை. ஆற்றைத் தாண்டிப் போய், பொழுது சாய்ந்தால் அவர்கள் முன்னோர்கள் நிற்கக்கூட முடியாத இன்ட்ராமுரோஸில், மதிலுக்கு உள்ளே இடம் பிடித்துக் கட்டினார்கள். மணிலா போனால் முதலில் அங்கே போங்கள், பிறகு ஜோன்ஸ் பாலத்தின் வழியாக நடந்தே பினொண்டோவுக்கு வாருங்கள். பசியோடு வாருங்கள்.

கேள்விகள் இருந்தால் கேட்கலாம். மாமி செய்முறை மட்டும் கேட்காதீர்கள், எனக்குத் தெரியாது.